திருச்செல்வர் காவியமும் அரசின் அச்சமும்

அரசன் எவ்வழி, குடிகள் அவ்வழி என்பது தமிழர் வாயில் நாளும் வழங்கும் பழமொழி. ஒழுக்கம் பற்றி எழுந்த இம்மொழியை ஒத்த ஒரு கொள்கையை ஐரோப்பியர் சமயத்தின்மேல் ஏற்றினர். ஆள்வோன் சமயம் எதுவோ அதுவே ஆளப்படுவோர் சமயமுமாதல் வேண்டுமென்பது அக்கொள்கை. ஜேர்மனியச் சிற்றரசர்கள் 1555ஆம் ஆண்டு ஓக்சுபர்க்கு நகரிற் செய்த உடன்படிக்கை அதனைச் சட்டமாக்கிற்று. கீழைக் கடல்களில் வாணிகத்துக்கென வந்த ஐரோப்பியர் மிளகும் கறுவாவும் தேடிய மரக்கலங்களிலே இவ்வெண்ணத்தையும் ஏற்றிக்கொண்டு வந்தனர். ஈழநாட்டில் இதனால் வருந்தினோர் பலர். சைவர், முஸ்லிம்கள், பௌத்தர் ஆகியோர் மட்டுமன்றிக் கிறித்தவரும் வருந்தினர் என்பதே ஈண்டுக் கருதத்தக்கது.

ஒல்லாந்தர் ஆட்சிக் காலத்தில், கத்தோலிக்கக் குருவுக்குப் புகலளித்தல் குற்றமாயிருந்த ஒரு நாட்டில், தெல்லிப்பழையைச் சேர்ந்த பூலோகசிங்க முதலியார் திருச்செல்வர் காவியம் என்னும் நூலை யாத்தார். கிறித்தவரைத் துன்புறுத்தும் ஓர் அரசனையும், அவன் அரண்மனைக்குள்ளேயே அச்சமயத்தைத் தழுவும் அவன் மைந்தனையும் பற்றிய பழங்கதையே அந்நூலின் பொருள். ஈழத்து இலக்கிய வரலாறுகளில் ஒல்லாந்தர் காலக் கத்தோலிக்க நூல்களுள் ஒன்றாக இஃது எண்ணப்படும். அஃது எழுந்த காலத்தோடு அதன் கதைப்பொருளை ஒட்டிவைத்து நோக்கினால், அரசு ஏன் சமயத்தைத் துன்புறுத்துகிறது என்னும் வினாவுக்கு அக்கதை ஆழ்ந்த விடையொன்று தருதலையும், அவ்விடையில் ஒரு பெருங்குறை இருத்தலையும் காணலாம். இவ்விரண்டையும் ஆராய்தலே இக்கட்டுரையின் நோக்கம். செய்யுள் நயம் பற்றிய ஆராய்ச்சி வேறொருபாற்பட்டது.

வாவிக்கரையில் எழுதிய உடன்படிக்கை

ஒல்லாந்தர் செய்த சமய ஒடுக்குமுறையை யாழ்ப்பாணத்தோடும் கொழும்போடும் இணைத்துப் பேசுதலே பெருவழக்கு. ஆயின் அதன் முதலேடு எழுதப்பெற்றது மட்டக்களப்பு வாவிக்கரையிலேயாம். போர்த்துக்கேயர் புளியந்தீவில் 1628இல் எழுப்பிய கோட்டை, 1638ஆம் ஆண்டு மே 18ஆம் நாள் ஒல்லாந்தத் தளபதி வெசுற்றர்வோல்டிடம் வீழ்ந்தது. ஐந்து நாள் கழித்து, மே 23ஆம் நாள், கண்டியரசன் இரண்டாம் இராசசிங்கனும் ஒல்லாந்தரும் உடன்படிக்கை செய்தனர். போர்ச் செலவு, கறுவா, கோட்டைக் காவல் முதலியன பற்றிய பிரிவுகளுக்கிடையே ஒரு பிரிவு, கத்தோலிக்கக் குருமாரைத் தன் நாட்டில் அரசன் இருக்க விடலாகாது எனக் கூறுகிறது. அதற்குக் காட்டப்பெற்ற காரணம், அவர்கள் கலகங்களுக்கெல்லாம் மூலகாரணர் என்பதாம்.

இப்பிரிவிலே கத்தோலிக்கக் கொள்கை பிழையென்று ஒரு சொல்லேனும் இல்லை. நற்கருணை பற்றியோ, சொரூப வணக்கம் பற்றியோ, பாப்பரசர் தலைமை பற்றியோ எவ்வகை வாதமும் இல்லை. குரு கலகக்காரன், பகைவனின் கையாள், ஆகவே வெளியேற்றத்தக்கவன். இவ்வளவே. சமயத்துக்கெனச் செய்யப்பட்டதாகத் தோன்றும் ஒடுக்குமுறை, உண்மையில் அரசின் அச்சத்துக்கென எழுந்தது என்பதற்கு இதனினும் தெளிந்த சான்று வேண்டுவதில்லை.

அதே 1638ஆம் ஆண்டின் தொடக்கத்தில், யப்பானிய நாட்டுச் சிமபாராவில் கிறித்தவக் குடியானவர் பெருங்கிளர்ச்சி செய்து ஹாரா என்னும் பழங்கோட்டையுட் புகுந்திருந்தனர். அவர்களை அடக்க முனைந்த அரசுக்குத் துணையாக ஒல்லாந்த வாணிகக் கம்பனியின் கப்பலொன்று அக்கோட்டைமீது பீரங்கிக் குண்டு பொழிந்தது. அங்கே பௌத்த நாட்டு அரசுக்காகக் கிறித்தவரைச் சுட்ட கம்பனி, சில திங்களில் இங்கே பௌத்த அரசனோடு சேர்ந்து கிறித்தவக் குருமாரை விலக்கப் பிரிவெழுதியது. சுட்டதும் எழுதியதும் கிறித்தவர் கையே. சமயம் சமயத்தோடு பொருதது என்று இதனைக் கூறுதல் பொருந்துமோ? வாணிகமும் ஆட்சியும் தமக்கு இடையூறானதை அகற்றின என்பதே பொருந்தும்.

வாளும் பதிவேடும்

பண்டையரசர் வாளாற் செய்ததைப் புதுமுறை அரசு ஏட்டாற் செய்யும். இவ்வேறுபாடு ஒல்லாந்தர் ஆட்சியில் நன்கு புலனாகும். 1602இல் தோன்றிய அவர்தம் கம்பனி, பங்குகள் விற்றுப் பணந்திரட்டிய வாணிகக் கூட்டமெனினும், போர் தொடுத்தது, உடன்படிக்கை செய்தது, சட்டமும் விதித்தது. 1658இல் மன்னாரும் யாழ்ப்பாணமும் அதன் கைப்பட்டன. அவ்வாண்டு செப்டெம்பர்த் திங்களிலேயே, கத்தோலிக்கக் குருவுக்குப் புகலிடம் தருவோர் மரணதண்டனைக்குரியோர் என அறிவித்தல் பிறந்தது.

இஃது அச்சுறுத்தல். நாள்தோறும் நடைபெற்ற ஒடுக்குமுறையோ தோம்பு என்னும் பதிவேட்டின் வழியது. சீர்திருத்தச் சபையில் ஞானமுழுக்குப் பெற்றவன் பெயர் பாடசாலைத் தோம்பில் ஏறும். அவன் மணம் அங்கே பதியப்படும். அவன் பிள்ளைகள் முதுசத்துக்கு உரியராவர். அவன் உத்தியோகம் பெறுதற்குத் தகுதியாவான். பதியாதவன் வாழலாம், ஆனால் அரசின் கண்ணில் அவன் மனைவி மனைவியல்லள், மகன் மகனல்லன். குருதி சிந்தாமலே குடும்பத்தைப் பிடித்தாட்டும் இம்முறை பண்டையரசர்க்குத் தெரியாதது.

பதிவேட்டின் வலிமை இதுவாயின், அதன் வறுமையும் உடன் எண்ணத்தக்கதே. போர்த்துக்கேயத் தளபதி பிலிப்பு தெ ஒலிவேறா 1621இல் நல்லூர்க் கந்தசுவாமி கோயிலை இடித்தான். அது 1734இல் மீண்டும் எழுந்தபோது, அத்திருப்பணியை முன்னின்று நடத்தியவர் தொன் யுவான் இரகுநாத மாப்பாண முதலியார் என்பர். பதிவேட்டுப் பெயர் தொன் யுவான். நெஞ்சிற் குடியிருந்தவன் முருகன்! ஏடு எதனைக் கண்டது, எதனைக் காணவில்லை என்பதற்கு இப்பெயரொன்றே சாலும். 1796இல் ஒல்லாந்தர் ஆட்சி நீங்கியதும், ஏட்டளவிற் கிறித்தவராய் எண்ணப்பட்டோரிற் பெரும்பாலோர் அவ்வேட்டையும் அதன் சமயத்தையும் ஒருங்கே கைவிட்டனர். விலக்கப்பட்ட கத்தோலிக்க சமயமோ நிலைத்து நின்றது. 1806இல் ஆங்கிலேயத் தேசாதிபதி மெயிற்லண்ட் கத்தோலிக்கர்மேலிருந்த தடைகளை நீக்கியபோது, குருமாரின்றியும் கோயிலின்றியும் தம் நம்பிக்கையைக் காத்த ஊர்கள் பல இருந்தன. மட்டக்களப்புப் பறங்கியர் போர்த்துக்கேய மொழியையும் கத்தோலிக்க வழிபாட்டையும் இன்றளவும் முற்றாக இழந்திலர் என்பதும் உடன் நினைக்கத்தக்கது.

அவ்விருட்காலத்தில் அவ்வூர்களைத் தேடி வந்தவர் கோவையைச் சேர்ந்த யோசேவ் வாஸ் முனிவர். 1687இல் அவர் இரவலர் கோலத்தில் யாழ்ப்பாணம் புகுந்து, சில்லாலையிலே மறைந்திருந்து, இரவிலே வழிபாடு நடத்தினார். 1689ஆம் ஆண்டு நத்தார் இரவில் ஒல்லாந்தர் வழிபாட்டுக்குக் கூடியோரைச் சூழ்ந்து பிடித்தனர். முனிவர் தப்பினார், பிடிபட்டோர் வருந்தினர். பின்னர் 1692இல் அவர் கண்டிக்குச் சென்றபோது, ஆங்கும் போர்த்துக்கேய ஒற்றன் என்னும் பழியாற் சிறைவைக்கப்பெற்றார். சமயம் வேறு, அரசு வேறு, நாடு வேறு. பழி மட்டும் ஒன்றே! எனினும் கண்டியரசன் இரண்டாம் விமலதருமசூரியன் உண்மையறிந்து அவரை விடுவித்துத் தன் நாட்டிற் பணிசெய்ய விட்டான். 1705இல் ஈழம் வந்த யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகள் தமிழிலும் சிங்களத்திலும் நூல் பல எழுதியதும், அவர்தம் வியாகுலப் பிரசங்கம் தவக்காலந்தோறும் கத்தோலிக்கர் ஊர்களில் வாசிக்கப்பட்டு வந்ததும் இச்சூழலிலேயே. குரு வரமுடியாத ஊருக்கு நூல் சென்றது.

ஒரு புள்ளி செய்த விந்தை

திருச்செல்வர் காவியத்தின் கதை, ஐரோப்பாவிற் பர்லாம், யோசபாத்து என்னும் இருவர் பெயரால் வழங்கியது. இந்திய நாட்டு மன்னன் ஒருவன் கிறித்தவரை வெறுத்துத் துன்புறுத்துகிறான். அவனுக்கு மைந்தன் பிறக்க, அப்பிள்ளை துறவியாகிக் கிறித்தவ சமயத்தைத் தழுவுவான் எனச் சோதிடன் உரைக்கிறான். தந்தை அஞ்சி, முதுமை, பிணி, சாக்காடு ஆகியவற்றைக் காணாவண்ணம் மைந்தனை ஒரு மாளிகையுள் அடைத்து வளர்க்கிறான். ஒருநாள் வெளியே சென்ற இளவரசன் நோயாளனையும் குருடனையும் கிழவனையும் கண்டு கலங்குகிறான். அப்போது பர்லாம் என்னும் துறவி மணிவணிகன் கோலத்திற் புகுந்து, விலைமதிப்பற்ற மணியைக் காட்டுவதாகக் கூறி, மெய்ந்நெறியை உணர்த்திச் செல்கிறான்.

இதனைக் கேட்போர் எவரும் புத்தர் வரலாறன்றோ இஃது என வியப்பர். அஃதுண்மையே. போதிசத்துவர் கதை மத்திய ஆசியா வழியாகச் சென்று, அரபு மொழியிற் புதாசப் என்னும் பெயரோடு வழங்கிற்று. அரபு எழுத்திற் பகரத்துக்குக் கீழே ஒரு புள்ளி; யகரத்துக்குக் கீழே இரு புள்ளி. ஒரு புள்ளி மிகுந்ததனாற் புதாசப் யூதாசப் ஆயினான்; பின்னர் ஜோர்ஜிய மொழியிலும் கிரேக்கத்திலும் இலத்தீனிலும் புகுந்து யோசபாத்து ஆயினான். கத்தோலிக்கத் திருச்சபை தன் புனிதர் வரிசையில் நவம்பர் 27ஆம் நாளை அவனுக்கும் பர்லாமுக்கும் உரியதாக்கிற்று. கோவையில் வாழ்ந்த போர்த்துக்கேய வரலாற்றாசிரியர் தியோகோ தோ கோத்தோ, இவ்விரு வரலாறுகளின் ஒற்றுமையை அக்காலத்திலேயே கண்டு எழுதினார்.

இக்கதையினுள் வரும் கிளைக்கதையொன்று சைவ மாணவர்க்குப் புதிதன்று. கொடுவிலங்குக்கு அஞ்சி ஓடியவன் குழியுள் வீழ்ந்து செடியைப் பற்றித் தொங்குகிறான், கீழே பாம்பு, வெள்ளெலியும் கருவெலியும் செடியின் வேரை அரிக்கின்றன, அவனோ மேலிருந்து சொட்டும் தேன்துளியிலே தன்னை மறந்திருக்கிறான். மகாபாரதத்து ஸ்திரீ பருவத்தில், மக்களை இழந்து வருந்தும் திருதராட்டிரனுக்கு விதுரன் உரைப்பது இக்கதையே. பாரதத்துக் கதை, பௌத்தர் வரலாறு, முஸ்லிம்களின் மொழி, கிறித்தவர் துறவு ஆகிய நான்கும் ஒன்றிய ஒரு நூல், சுற்றிச் சுற்றிக் கடைசியில் தெல்லிப்பழையிற் தமிழ்க் காவியமாயிற்று. நான்கு சமயத்தாரும் ஒரே நாட்டில் அடுத்தடுத்து வாழும் ஈழத்துக்கு இதனினும் உரிய கதை வேறொன்று கிடைத்தல் அரிது.

கதை கண்ட உண்மை

இனி அக்கதையின் சிறப்பை நோக்குவாம். துன்புறுத்தும் அரசனைக் கதைகள் பெரும்பாலும் அரக்கனாகவே காட்டும். இக்கதையின் அரசனோ மைந்தன்மேல் அன்புடைய தந்தை. அவன் துறவியரை நாடு கடத்துவதும் எரிப்பதும் மைந்தனை இழந்துவிடுவேனோ என்னும் நடுக்கத்தால். மாளிகையும் சிறையும் ஒரே அச்சத்தின் இரு கட்டடங்கள். ஒடுக்குமுறையின் வேர் வெறுப்பிலன்றி அச்சத்திற் கிடக்கிறது என்பதை உவமையாற் காட்டியது இக்கதையின் முதற்சிறப்பு.

இரண்டாவது, அவ்வச்சம் இளந்தலைமுறை பற்றியது. கிழவர் வழிபட்டுப் போகட்டும். பிள்ளை தன்னுடையவனாய் இருத்தல் வேண்டும் என்பதே அரசின் எண்ணம். பிற்காலத்து அரசுகளின் சட்டங்களை இவ்வொளியிற் படித்தல் நன்று. சோவியத்து அரசு 1918ஆம் ஆண்டுக் கட்டளையால் பாடசாலைகளிற் சமயபோதனையை நீக்கிற்று. 1929ஆம் ஆண்டுச் சட்டத்தால் கோயில்கள் சிறுவர்க்கென எவ்வகைக் கூட்டமும் நடத்தலாகாதெனத் தடுத்தது. மெக்சிக்கோ நாட்டில் 1917ஆம் ஆண்டு அரசியலமைப்பின் சமயத்தடைகளைக் குடியரசுத் தலைவர் காயேஸ் 1926இற் கடுஞ்சட்டத்தாற் செயற்படுத்த, குருமார் வழிபாட்டை நிறுத்தினர், மக்கள் படைதிரண்டனர், 1929வரை குருதி பெருகிற்று. அல்பேனியா 1967இல் எல்லாச் சமயங்களின் வழிபாட்டிடங்களையும் மூடித் தன்னைக் கடவுளில்லா நாடென அறிவித்தது. இவையெல்லாம் மைந்தனை அடைத்துவைத்த மாளிகையின் புதுப்படிகள். பிணியும் முதுமையும் சாவும் புகாதபடி கதவடைத்த தந்தையைப் போலவே, இவ்வரசுகளும் அவை பற்றிய கேள்விகள் பிள்ளை நெஞ்சிற் புகாதபடி கதவடைத்தன. கேள்விகளோ கதவு வழியாக வருவனவல்ல.

மூன்றாவது, வேடம் பற்றியது. மணிவணிகனாய் வந்த பர்லாமும் இரவலனாய் வந்த யோசேவ் வாஸ் முனிவரும் ஒருவரையொருவர் நினைப்பூட்டுவர். உண்மை பேசுவோனை வேடம் பூணச் செய்வது ஒடுக்குமுறை. பின்பு, வேடம் பூண்டான், ஆகவே ஒற்றன் எனப் பழிசொல்வதும் அதுவே. யப்பானிய நாட்டிற் பௌத்தர்போல வாழ்ந்து மறைவிற் செபித்தோர், இருநூறாண்டுக்கு மேற்பட்டும் அந்நெறி மறவாது, 1865இல் நாகசாகியிற் குருவொருவர் முன் தம்மை வெளிப்படுத்தினர். தோம்பிற் தொன் யுவானாகவும் கோயிலில் முருகனடியாராகவும் வாழ்ந்த யாழ்ப்பாணத்துச் சைவரும் இவ்வகையினரே. ஆகவே கத்தோலிக்கர் வேதகலாபனை என வழங்கும் துன்பம் அவர்க்கு மட்டும் உரியதன்று. ஒரே சட்டத்தின் கீழ்ச் சைவரும் கத்தோலிக்கரும் ஒருவரையொருவர் அறியாமலே உடன்மறைந்து வாழ்ந்தனர்.

கதையின் குறை

இத்துணைச் சிறப்புடைய கதை முடிவில் வழுக்குகிறது. தந்தை எவ்வழியாலும் மைந்தனை வெல்லாமல், நாட்டை இரண்டாகப் பகுத்து ஒரு பாதியை அவனுக்கு அளிக்கிறான். அரசுரிமை பெற்ற இளவரசன் முதலிற் செய்வது யாது? தன் பாதியிலுள்ள பிறசமயக் கோயில்களை இடித்துத் தரைமட்டமாக்கி, அச்செல்வத்தாற் தன் சமயத்துக்கு ஆலயம் எழுப்புகிறான். மூலக்கதையில் இஃது அறச்செயலாகவே போற்றப்படுகிறது. பின்னர்த் தந்தையும் மனந்திரும்ப, கதை இனிது முடிகிறது.

முடிந்தது கதையேயன்றித் துன்பமன்று. முதலில் ஒரு சமயத்தார் அஞ்சி வாழ்ந்தனர். முடிவில் மற்றொரு சமயத்தார் அஞ்சி வாழ்வர். வாள் கைமாறியது, உறையில் இடப்படவில்லை. நல்லூரும் கோணேசர் கோயிலும் இடிந்த நாட்டில் வாழும் சைவ வாசகன் இவ்விடத்தே நின்று மூச்சுவிடாமற் போகான். 1622இல் திருக்கோணமலையிற் கோயிலை இடித்து அதன் கல்லாற் கோட்டை கட்டிய கொன்சுதந்தீனு தெ சா, தன்னை அவ்விளவரசனைப் போலவே எண்ணியிருப்பான். குடிமகனின் மனவுரிமை அரசனுடைய சமயத்தைப் பொறுத்ததன்று என்னும் எண்ணம் அக்கதைக்கு எட்டவில்லை. அரசன் நல்ல சமயத்தவனாயின் எல்லாம் நலமே என்பதோடு அது நின்றுவிடுகிறது. அரசன் எவ்வழி, குடிகள் அவ்வழி என்னும் மொழியை அஃது எதிர்த்துத் தொடங்கி, ஏற்று முடிகிறது.

இக்குறையை அந்நூலாசிரியர் ஒருவர்மேல் ஏற்றுதல் முறையாகாது. அக்காலத்து எச்சமயத்தாரும் பெரும்பாலும் அவ்வாறே எண்ணினர். இன்றும் அவ்வாறே எண்ணுவோர் உளர் என்பதே கவலைக்குரியது.

எது ஒடுக்குமுறை?

இந்நாளில் இவ்வாராய்ச்சியாற் பயன் யாது எனின், ஈழநாட்டின் அண்மை வரலாற்றை நடுநிலையோடு அளத்தற்கு ஒரு கோல் கிடைக்கிறது. சமயத்தார் தாம் இழந்தவற்றையெல்லாம் ஒடுக்குமுறை என்றே கூறுவர். சலுகை இழத்தல் வேறு. மனவுரிமை இழத்தல் வேறு. சட்டம் எல்லார்க்கும் ஒன்றோ, வழிபாட்டின்மேலும் மனத்தின்மேலும் அது கைவைக்கிறதோ, நம்புவோனை அயலான் கையாளெனக் கருதுகிறதோ என்னும் மூன்று வினாவும் கேட்டறிதல் வேண்டும்.

1960இலும் 1961இலும் நிறைவேறிய சட்டங்களால் உதவிபெறும் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்றது. கத்தோலிக்கப் பெற்றோர் பாடசாலைகளிற் குடிபுகுந்து எதிர்த்தனர். அவர்க்கு நேர்ந்த இழப்புப் பெரிதே. ஆயினும் சைவ, பௌத்த பாடசாலைகளும் அச்சட்டத்துட் பட்டன. மிசன் பாடசாலைகள் கல்வியைத் தூண்டிலாக்கின என்னும் முறைப்பாடும் ஆறுமுக நாவலர் காலந்தொட்டு இருந்து வந்தது. ஆதலின் அதனை வேதகலாபனை எனல் மிகை. பிள்ளையை வளர்க்கும் உரிமை அரசுக்கே என்னும் எண்ணத்தின் வித்து அதிலும் உண்டென்பதை மறுத்தலும் அரிது.

2003ஆம் ஆண்டு நிகழ்ந்ததோ வேறுவகைத்து. மென்சிங்கன் திருச்சிலுவைக் கன்னியர் சபையைச் சட்டத்தாற் கூட்டிணைக்கும் மசோதா உயர்நீதிமன்றத்தின் முன் வந்தது. 1978ஆம் ஆண்டு அரசியலமைப்பின் 9ஆம் உறுப்புரை பௌத்தத்துக்கு முதலிடம் தருகிறது. கிறித்தவத்தைப் பரப்புதல் பௌத்த சாசனத்தின் நிலைப்பை ஊறுபடுத்தும் என நீதிமன்றம் கருதிற்று. பள்ளியும் மருத்துவப்பணியும் நடத்திய கன்னியர்க்கு எதிராக இவ்வாறு கூறப்பட்டது. 2005இல் ஐக்கிய நாடுகளின் மனிதவுரிமைக் குழு, இஃது அக்கன்னியரின் சமயவுரிமைக்கும் சமத்துவத்துக்கும் மாறானது எனக் கண்டது. 2004இல் கட்டாய மதமாற்றத் தடை மசோதாவொன்று பாராளுமன்றத்துக்கு வந்தபோது, அதன் பிரிவுகள் சில அரசியலமைப்புக்கு முரண் என அதே நீதிமன்றம் கூறியதும், அது சட்டமாகாது போனதும் நடுநிலைக்காகக் குறிப்பிடத்தக்கன. தமிழ்நாட்டிலும் 2002இல் இவ்வகைச் சட்டமொன்று பிறந்து 2004இல் நீக்கப்பெற்றது. 2008இல் ஈழத்தில் வந்த சுற்றறிக்கையொன்று புதிய வழிபாட்டிடத்துக்கு அமைச்சின் இசைவு வேண்டுமென்றது. சிறு சபைகளின் செபவீடுகளை அது பெரிதும் தாக்கிற்று. தோம்பு போயிற்று, சுற்றறிக்கை வந்தது.

பொதுச்சட்டமும் ஒடுக்குமுறையாகும் விதத்தை 2020ஆம் ஆண்டு காட்டிற்று. அவ்வாண்டு ஏப்ரல் 11ஆம் நாள் வெளிவந்த வர்த்தமானி, கொரோனா நோயால் இறந்தோர் உடலை எரித்தலே வேண்டும் என விதித்தது. புதைத்தலால் நோய் பரவும் என்பதற்குச் சான்றின்மை பலராலும் எடுத்துரைக்கப்பட்டது. விதி எல்லார்க்கும் ஒன்றே; காயமோ அடக்கம் செய்யும் சமயத்தார்க்கே. முஸ்லிம்களும் கிறித்தவரும் ஒருங்கே வருந்தினர். 2021 பெப்ரவரித் திங்களில் அவ்விதி தளர்ந்தபின், இறந்தோர் பலர் மட்டக்களப்பு மாவட்டத்து ஓட்டமாவடியில் அடக்கஞ் செய்யப்பெற்றனர். 2024இல் அரசின் அமைச்சரவை அச்செயலுக்கு மன்னிப்புக் கோரிற்று. ஆகவே சட்டம் எல்லார்க்கும் ஒன்றாதல் வேண்டும் என்னும் அளவுகோல் மட்டும் போதாது. யார் நெஞ்சை அது தொடுகிறது என்பதையும் உடன் அளத்தல் வேண்டும்.

வாவிக்கரையின் பாடம்

மட்டக்களப்பு வாவிக்கரையில் அமைந்த காத்தான்குடி இவ்வாராய்ச்சிக்குப் புறம்பானதன்று. 1626இல் போர்த்துக்கேயர் தம் ஆட்சிப் பகுதியிலிருந்து முஸ்லிம்களை வெளியேற்றியபோது, கண்டியரசன் செனரத் அவர்களுள் 4,000 பேரை மட்டக்களப்பிற் குடியேற்றினான் எனக் குவேறோசு என்னும் யேசுசபைக் குருவே எழுதியுள்ளார். முன்னரே ஆங்கு வாழ்ந்த சோனகரோடு அவர்கள் கலந்தனர். காத்தான்குடி முதலிய ஊர்களின் தோற்றத்தை அக்குடியேற்றத்தோடு இணைத்துப் பேசுதல் மரபு. கத்தோலிக்க அரசு துரத்தியோர் இக்கரையில் வாழத் தொடங்கிப் பன்னிரண்டு ஆண்டுகளில், அவ்வரசின் குருமாரைத் துரத்தும் பிரிவும் இதே கரையில் எழுதப்பட்டது. துரத்தியவர் துரத்தப்பட்டார்.

பிற்காலமும் இக்கரையை விட்டுவைக்கவில்லை. 1990 ஆகஸ்ட் 3ஆம் நாள் இரவுத் தொழுகையின்போது காத்தான்குடிப் பள்ளிவாசல்கள் இரண்டில் நூற்றுக்கு மேற்பட்டோர் ஆயுதந் தாங்கியோராற் கொல்லப்பட்டனர். 2019 ஏப்ரல் 21, உயிர்ப்பு ஞாயிறன்று, மட்டக்களப்புச் சீயோன் தேவாலயத்தில் குண்டு வெடித்துச் சிறுவர் பலரும் மாண்டனர். இவை அரசுகள் செய்தவையல்ல. எனினும் வழிபடுவோனைப் பகைவன் கையாளாகக் காணும் அதே கண்ணே இவற்றிலும் இருந்தது. சிலர் செய்த கொடுமைக்காக ஊர் முழுவதையும் ஐயுறும் வழக்கு 2019க்குப்பின் வளர்ந்தபோது, 1638ஆம் ஆண்டுப் பிரிவின் சொற்களே மீண்டும் ஒலித்தன. பெயர் மட்டும் மாறியிருந்தது.

செனரத்தின் மைந்தனே இரண்டாம் இராசசிங்கன். தந்தை துரத்தப்பட்டோரை வரவேற்றான். மைந்தன் துரத்தும் பிரிவில் ஒப்பமிட்டான். ஆயின் வரலாறு அத்தோடு முடியவில்லை. ஒல்லாந்தர் நட்புக் கசந்தபின், அவர்க்கஞ்சி ஓடிவந்த கத்தோலிக்கரை இராசசிங்கன் தன் நாட்டில் வாழவிட்டான். அரசியற் காரணமே அதற்கு மிக்கிருந்ததென்க. அதனாற் காக்கப்பட்ட உயிர்கள் குறையவில்லை. அப்புகலும் அரசன் மனத்தைப் பொறுத்ததாதலின் நிலைக்கவில்லை. 1740களில் சிறீ விசயராசசிங்கன் காலத்திற் கத்தோலிக்கக் குருமார் கண்டியை விட்டு வெளியேற்றப்பட்டனர்.

அரசனின் இரக்கத்தால் வாழ்தலும் அரசனின் அச்சத்தால் வீழ்தலும் ஒரே மரத்தின் இரு கிளைகள். திருச்செல்வர் கதையின் தந்தை இதனை உணர்ந்திலன். அவன் மைந்தன், நாட்டிற் பாதியைப் பெற்ற பின்னரும் உணர்ந்திலன். அக்கதையைக் கற்பிக்கும் ஆசிரியர், இளவரசன் கோயிலை இடிக்கும் இடத்தை விரைந்து கடந்து செல்லாமல், அவ்விடத்தே சிறிது நின்று, இடிபட்ட கோயிலில் அன்றுவரை வழிபட்டவன் அடுத்தநாட் காலையில் எங்கே சென்றிருப்பான் என மாணாக்கரை வினவுவாராக.